இரண்டாம் எதிரி

இஞ்ஞாசிமுத்துவைக் கோமதிநாயகம் கடைசியாக உயிரோடு பார்த்தது பஸ் ஸ்டாண்டுத் தரையில். மல்லாந்து கிடந்தான். ரோஸ் வண்டி என்கிற தனியார் பஸ்ஸின் கண்டக்டர், நாற்பத்தொரு வயசு, காக்கிச் சட்டையில் ஒரு பொத்தான் தெறித்துப் போயிருந்தது, தோள்பை மட்டும் தோளைவிட்டு நகராமல் கிடந்தது. பின்மண்டை தரையில் பட்டிருந்தது, ஆனால் ரத்தம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால்தான் யாரும் பயப்படவில்லை. நாலைந்து பேர் குனிந்து அவனை ஆட்டோவுக்குத் தூக்கப் போனபோது கண்ணைத் திறந்தான். அந்தக் கண் கூட்டத்துக்குள் துழாவிக் கோமதிநாயகத்தின் முகத்தில் வந்து நின்றது. "மணி என்ன ஓய்?" என்று கேட்டான். கேட்டது கேலியா நிஜமா என்று இன்றுவரைக்கும் பிடிபடவில்லை. முப்பத்தோரு வருஷம் பஸ் கிளம்பும் நேரம் பார்த்து அனுப்பும் டைம் கீப்பராக இருந்த வாய், கேட்ட மாத்திரத்தில் "ஒம்பது நாப்பத்திநாலு" என்று சொல்லிவிட்டது. இஞ்ஞாசி, சரி என்பதுபோல இமையை மூடித் திறந்தான். ஆட்டோ கிளம்பிவிட்டது. மறுநாள் வாந்தி எடுத்தானாம், திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்களாம், அதற்கடுத்த நாள் விடியுமுன்னே போய்விட்டான். எத்தனை மணிக்குப் போனான் என்று யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. ஒரு மனுஷனிடம் கடைசியாகப் பேசினது ரெண்டே சொல், அதுவும் மணி. வலிக்குதா என்று கேட்டிருக்கலாம். ஒண்ணுமில்ல, எந்திச்சிருவே என்று சொல்லியிருக்கலாம். என் கையா என்று கேட்டிருக்கலாம். அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். அவனுக்குத்தான் தெரியும், அவன் நெஞ்சில் பட்டது எந்தக் கை, எவ்வளவு பலம் என்று. தெரிந்த ஒருவன் போய்விட்டான்.

அது நடந்து நாற்பத்தேழு நாள் ஆகிறது. இப்போது கோமதிநாயகம் உட்கார்ந்திருப்பது போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில், சுவரோரம் கிடக்கும் மரப் பெஞ்சில். ஜாமீனில் விட்டபோது கோர்ட்டு போட்ட நிபந்தனை, தினமும் காலை பத்தரை மணிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். பத்தரை என்றால் எந்தக் கடிகாரத்துப் பத்தரை? ஸ்டேஷன் கடிகாரம் நாலு நிமிஷம் முந்தி ஓடுகிறது. முதல் நாளே கண்டுகொண்டார். சொல்லவில்லை. போலீஸ் கடிகாரம் தப்பு என்று சொல்ல எதிரிக்கு என்ன இருக்கிறது. எதிரி. அந்தச் சொல்லை அவர் முதன்முதலில் பார்த்தது கைது பண்ணின காகிதத்தில்: முதல் எதிரி கொம்பையா, வயது முப்பத்துமூன்று, பச்சை வண்டி டிரைவர், இரண்டாம் எதிரி கோமதிநாயகம், வயது ஐம்பத்தெட்டு, டைம் கீப்பர். வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவனை அப்படித்தான் எழுதுவார்கள் என்று அவருடைய வக்கீல் சேர்மத்துரை சொன்னார். இருக்கட்டும். ஆனால் யாருக்கு எதிரி? இஞ்ஞாசிக்கா? பெண்டாட்டி பூரணம் செத்தபோது பாடை தூக்கின நாலு பேரில் அவனும் ஒருத்தன். கழுத்தில் சிலுவைச் செயின் ஆட, சுடுகாடு வரைக்கும் தோள் மாற்றாமல் வந்தான். அவனுக்கா நான் எதிரி. வராந்தா மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டிக் வைத்தது. அவர் எண்ண ஆரம்பித்து, நிறுத்தி, தன்னையறியாமல் மறுபடி எண்ணினார். பினாயில் வாடை. உள்ளே வயர்லெஸ் கரகரத்து, யாரோ யாரையோ எங்கே இருக்கிறாய் என்று கேட்டது. இன்று கையெழுத்து நோட்டு இன்னும் வெளியே வரவில்லை. மற்ற நாளெல்லாம் பத்து இருபத்தைந்துக்கே ஏட்டு செல்லப்பா மேஜையில் விரித்து வைத்திருப்பார். இன்று மேஜையில் ஒரு டீ கிளாஸ் மட்டும் இருந்தது. ஏன் வரவில்லை? கோர்ட்டிலிருந்து போன் வந்திருக்குமோ? இவனிடம் கையெழுத்து வாங்காதே, உட்கார வை என்று சொல்லியிருப்பார்களோ? இருக்காது. இன்று அங்கே கொம்பையாவின் ஜாமீன் மனு, அதை இன்னும் கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள். இருக்காது என்று மனசு சொல்லும்போதே கண் மறுபடி அந்த வெறும் மேஜைக்குப் போனது.

பத்து இருபத்தேழுக்குப் போன் நடுங்கியது. கொம்பையாவின் பெண்டாட்டி முப்பிடாதி. மாவட்டக் கோர்ட்டு வாசலிலிருந்து பேசினாள். பின்னால் சைக்கிள் டீக்காரனின் மணியோசை, யாரோ யாருடைய பேரையோ கத்தும் சத்தம். "அண்ணாச்சி, நம்ம நம்பரு பதினேழாம். இப்ப ஒம்பது ஓடுது. எங்க வக்கீலு காலையில என்னமோ சொன்னாரு, இன்னைக்குப் பேரிடிய வச்சித்தான் கேக்கப் போறேன்னு. வாயில நல்ல வார்த்தயே வராதா அந்த ஆளுக்கு? பேரிடின்னா நல்லதா கெட்டதா அண்ணாச்சி?" அவருக்குச் சிரிப்பு வந்தது. இந்த நாற்பத்தேழு நாளில் முதல் சிரிப்பு. "பேரிடி இல்லம்மா, பேரிட்டி. ஒரே கேசுல ரெண்டு பேரு. ஒருத்தனுக்கு ஜாமீன் குடுத்தாச்சு. அவனும் இவனும் ஒரே நிலையில நின்னவங்கதான, இவனுக்கும் குடுங்கன்னு கேக்கது." அவள் பேரிட்டி, பேரிட்டி என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு, "அப்ப ஒங்களுக்குக் குடுத்ததக் காட்டித்தான் அவுகளுக்குக் கேக்காக. அப்படித்தான? அப்ப நீங்கதான் எங்களுக்குச் சாமி" என்றாள். "சாமியும் இல்ல பூதமும் இல்ல, சும்மா இரு" என்றார். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார்: "ரெண்டு பேரும் ஒரே நிலைன்னு எதவச்சிச் சொல்லப் போறாராம்?" "அதத்தான் வக்கீலும் கேட்டாரு அண்ணாச்சி. அந்த டைம் கீப்பரு கையே வைக்கலையாம்மா, சும்மாவா நின்னாருன்னு. நான் என்னத்தக் கண்டேன், ஒங்க கட்சிக்காரர்ட்டயே கேளுங்கன்னேன். திங்கக்கெழம ஜெயில்ல மனுப்போட்டுப் பாத்துட்டு வந்துட்டாரு." "என்ன சொன்னானாம்?" "இருங்க, இங்க என்னமோ கூப்பிடுதாங்க, பத்து ஓடிருச்சு போலருக்கு. வச்சிருதேன் அண்ணாச்சி." வைத்துவிட்டாள். என்ன சொன்னானாம் என்ற கேள்வி அவர் காதுக்கும் போனுக்கும் நடுவில் அப்படியே நின்றது.

என்ன சொல்லியிருப்பான்? கொம்பையா பார்த்தானா? அவன் எங்கே பார்த்தான், அவன் கண் இஞ்ஞாசியின் மூஞ்சியில் இருந்தது. முதலில் என்ன நடந்தது, வரிசையாக, ஒழுங்காக. ரோஸ் வண்டி ஒன்பது நாற்பதுக்குப் போக வேண்டும், பச்சை வண்டி ஒன்பது ஐம்பதுக்கு. ரோஸ் வண்டி ஒன்பது நாற்பத்தொன்று ஆகியும் நின்று ஆள் ஏற்றியது. இரண்டு நிமிஷம் கூடுதலாக நின்றால் பின்னால் போகிற வண்டிக்குப் பத்து ஆள் குறையும், பஸ் ஸ்டாண்டில் பாதிச் சண்டை அந்த இரண்டு நிமிஷத்தில்தான். கோமதிநாயகம் விசில் ஊதினார். இஞ்ஞாசி படியில் நின்றபடியே அந்த விசிலை வாயால் ஊதிக் காட்டினான். அவன் எப்போதும் செய்கிற விளையாட்டு, ஜனங்கள் சிரிப்பார்கள், அவருக்கே சில நாள் சிரிப்பு வரும். அன்று மறுபடி ஊதினார். அவன் கீழே இறங்கினான். "ஓய் டைமு, ஒமக்கு ரெண்டு நிமிஷந்தானவே பெரிசு? பொஞ்சாதி உசிரு போற நேரத்துலகூட வண்டிய அனுப்பிட்டுத்தான போனீரு" என்றான். எல்லாரும் கேட்டார்கள். பூக்காரி கேட்டாள். சிரித்தார்களா? ஒருத்தர் சிரித்தார். அதற்குள் கொம்பையா பச்சை வண்டியிலிருந்து குதித்து வந்து, "எடுடா வண்டிய, பெரிய மனுஷன்ட்ட என்ன பேச்சு பேசுத" என்று இஞ்ஞாசியின் சட்டையைப் பிடித்துவிட்டான். பொத்தான் தெறித்தது அப்போது. இவர் நடுவில் போனார். விலக்கிவிடத்தான் போனார். இடது கை கொம்பையாவின் நெஞ்சில், வலது கை இஞ்ஞாசியின் நெஞ்சில். இரண்டு பக்கமும் தள்ளினார். ஒரே சமயம், ஒரே பலம். ஒரே பலம் என்றால் கொம்பையா ஒரு அடி பின்னால் போய் நின்றான், இஞ்ஞாசி ஏன் நிற்கவில்லை? அவனுக்குப் பின்னால் நடைமேடை விளிம்பு, அதனால். குதிகால் தட்டியது, அதனால். அதனால்தானா? வலது கை சோற்றுக் கை, எப்போதும் கொஞ்சம் பலம் கூடத்தான் இருக்கும், எல்லா மனுஷனுக்கும். அதற்கு அவர் என்ன செய்ய முடியும். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையே. உள்ளங்கைக்கு அந்தச் சொல் போய்ச் சேர எத்தனை நேரம் பிடிக்கும்?

அந்தச் சொல்லில் பொய் இருந்தால் ஆறியிருக்கும். அது நிஜம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், சித்திரை வெயிலில், இரண்டு ஐந்துக்கு, பூரணம் படுத்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து, அக்காளுக்கு ஒரு மாதிரி இருக்கு, ஒடனே வாங்க என்றான். இரண்டு பத்து வண்டி நின்றுகொண்டிருந்தது. அன்று அந்த வண்டிக்கும் மினி பஸ்ஸுக்கும் காலையிலிருந்தே உரசல். நாம் நகர்ந்தால் அடித்துக்கொள்வார்கள், ஐந்து நிமிஷம்தானே, அனுப்பிவிட்டுப் போய்விடலாம் என்று நின்றார். நோட்டில் 2.10 என்று எழுதினார், விசில் ஊதினார், ஆட்டோ பிடித்தார். வார்டில் பூரணத்தின் தங்கச்சி அவரைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, "இப்பத்தான் அத்தான். ரெண்டு நிமிஷம் இருக்கும்" என்றாள். ரெண்டு நிமிஷம். பூரணத்தின் கை சூடாக இருந்தது. பதினாறாம் நாள் கழிந்து வேலைக்குப் போனபோது பஸ் ஸ்டாண்டில் அதைப் பெருமையாகச் சொன்னார்கள், பாருங்கய்யா இவர்ல மனுஷன், பொஞ்சாதி உசிரு போற நேரத்துலகூட வண்டிய அனுப்பிட்டுத்தான போனாரு என்று. அவரும் தலையை ஆட்டினார். பெருமையாகச் சொன்ன அதே வாக்கியம்தான். இஞ்ஞாசி ஒரு சொல்லையும் மாற்றவில்லை, குரலை மட்டும் மாற்றினான். ஒன்பது வருஷமாக யாராவது அந்தக் குரலில் சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே இருந்ததை அவன் ஒன்பது நாற்பத்திரண்டுக்குச் சொன்னான். அவ்வளவுதான். அதற்காக யாராவது தள்ளுவார்களா? தூக்கிச் சுமந்தவனையா? இல்லை, நான் தள்ளவில்லை, விலக்கினேன். இரண்டு கையையும் மடிமேல் வைத்துப் பார்த்தார். வலது கைப் பெருவிரலில் பேனா மை. இரண்டும் ஒன்றுபோலத்தான் கிடந்தன.

புகார் கொடுத்தது ரோஸ் வண்டி டிரைவர். அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி பக்கக் கண்ணாடியில் பார்த்தவர். கண்ணாடியில் கொம்பையா சட்டையைப் பிடித்தது தெரிந்தது, இஞ்ஞாசி விழுந்தது தெரிந்தது, நடுவில் கோமதிநாயகத்தின் முதுகு தெரிந்தது. முதுகுக்கு முன்னால் கை என்ன செய்தது என்று எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. அதனால் அவர் பார்த்தபடி சொன்னார், முதல் எதிரி கீழே தள்ளினார், இரண்டாம் எதிரி அவருக்கு அனுசரணையாக உடன் நின்றார். யாரும் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லாமலேயே எழுத்து இப்படி வந்துவிட்டது. வக்கீல் சேர்மத்துரை அதை ஜெயில் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து வாசித்துக் காட்டி, "கேட்டீங்களா, நின்னாருன்னுதான் இருக்கு. கை வச்சேன்னு சொல்லாதீங்க. விலக்குனேன்னும் சொல்லாதீங்க, விலக்குனேன்னா கை வச்சேன்னு ஆயிரும். நின்னேன். அம்புட்டுத்தான்" என்றார். ஜாமீன் மனுவிலும் அப்படியே எழுதினார், மனுதாரர் சம்பவ இடத்தில் நின்றது தவிர வேறொன்றும் அறியார் என்று. அந்த ஒரு சொல்லுக்குத்தான் பத்தொன்பதாம் நாள் ஜாமீன் கிடைத்தது. நின்றது. கொம்பையாவின் மனு அன்றைக்கே தள்ளுபடி. இன்று அவனுடைய வக்கீல் இரண்டாவது மனுவில் எழுந்து நின்று, எங்கள் கட்சிக்காரரும் அந்த இரண்டாம் எதிரியும் ஒரே நிலை என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வார்? ஒருத்தன் தள்ளினவன், ஒருத்தன் நின்றவன், எப்படி ஒன்றாகும் என்று அரசு வக்கீல் கேட்பார். ஒன்றாக்க ஒரே வழிதான். இரண்டாம் எதிரியும் கை வைத்தார் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் கொம்பையா வெளியே வருவான். வரட்டும், வரவேண்டியவன்தானே. ஆனால் அப்போது நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்படியா, கை வைத்தவருக்கா ஜாமீன் கொடுத்திருக்கிறோம் என்று கேட்டால்? கோர்ட்டில் பேசுகிற பேச்சு இந்த ஸ்டேஷனுக்கு வர எத்தனை நிமிஷம்? ஒரு போன். அதற்காகத்தான் நோட்டு வரவில்லையோ.

"என்னவே டைமு, பேயறைஞ்ச மாதிரி இருக்கீரு." ஏட்டு செல்லப்பா வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். கோமதிநாயகம் எழுந்துவிட்டார், முழங்கால் பெஞ்சில் இடித்தது. "ஒண்ணுமில்ல ஏட்டையா. நோட்டு..." "நோட்டு இன்ஸ்பெக்டரய்யா மேசையில இருக்கு. அவரு போன்ல இருக்காரு. போன வச்சாத்தான் உள்ள போவ முடியும். ஒமக்கென்ன, வண்டியா போவுது?" "யார்ட்ட பேசுதாரு ஏட்டையா?" கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது. செல்லப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், ஒம்மகிட்டக் கேட்டுட்டுத்தான் பேசணுமோ? மாமியா செத்துப்போச்சாம், ஊர்லருந்து பேசுதாக. உக்காரும்வே. நல்லா உக்காரும். இந்த ஸ்டேஷன்ல டயத்துக்கு வாரது நீரு ஒருத்தர்தான், எங்க ஆளுக எவனும் வாரதில்ல." உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம். கோமதிநாயகமும் சிரித்தார். மாமியார் செத்த போன்தான். கோர்ட்டுப் போன் இல்லை. எங்கோ ஒரு கிழவி செத்ததில் தன் நெஞ்சு லேசாகிவிட்டதை அவர் கவனித்தார், கவனித்ததும் அது மறுபடி கனத்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து பச்சை வண்டியின் ஹாரன் கேட்டது. வேறு டிரைவர். கொம்பையா இரண்டு சின்னதும் ஒரு நீளமும் அடிப்பான், இவன் ஒரே நீளமாக இழுக்கிறான். ஸ்டேஷன் கடிகாரத்தில் பத்து ஐம்பத்திநாலு. அப்படியானால் பத்து ஐம்பது.

கிளைச் சிறையில் பத்தொன்பது நாள் ஒரே அறை. கொம்பையா முதல் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டான். இஞ்ஞாசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, கேஸைப் பற்றிப் பேசவில்லை, முப்பிடாதி பார்க்க வரும்போது என்ன கொண்டுவருவாள் என்பதைப் பற்றி மட்டும் பேசினான். ஒரே ஒருநாள், மத்தியானம், சுவரைப் பார்த்துக்கொண்டு, "அண்ணாச்சி, நீங்க நடுவுல வரலன்னா நான் அவன அடிச்சிருப்பேன்" என்றான். அந்த வாக்கியம். கோமதிநாயகம் அதை எத்தனை நூறு தடவை பிரித்துப் பார்த்துவிட்டார். அடிச்சிருப்பேன் என்றால் அடிக்கவில்லை என்றுதானே. அடிக்கவில்லை, தள்ளவும் இல்லை, நீங்கள்தான் வந்தீர்கள் என்கிறானா? அல்லது, நல்லவேளை வந்தீர்கள், இல்லையென்றால் இதைவிட மோசமாகப் போயிருக்கும் என்கிறானா? இதைவிட மோசம் என்ன இருக்கிறது. அவனிடமே கேட்டிருக்கலாம். பக்கத்தில், ஒரு முழத்தில் படுத்திருந்தான். அப்போது அவர் சொன்னது, "வெயில் கூடிருச்சு, சுவரு கொதிக்குது" என்று. அவன் "ஆமா" என்றான். ஜாமீன் வந்த அன்று அவருடைய துண்டை அவன்தான் மடித்துக் கொடுத்தான். நாலு மூலையும் சேர்த்து, இஸ்திரி போட்டதுபோல. "போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்றான். வாங்க என்றான். அதில் ஒன்றுமில்லை, எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனாலும் வெளிவாசல் தாண்டும்வரை முதுகில் அவன் கண் இருந்தது. ரோஸ் வண்டி டிரைவர் பார்த்த அதே முதுகு. இன்று அவன் வெளியே வந்தால் அவனுக்கும் இதே நிபந்தனைதான் போடுவார்கள், இதே ஸ்டேஷன், இதே பத்தரை மணி. நாளைக் காலையில் இதே பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்காருவான். அப்போது கேட்பானா? கேட்காமல் சும்மா உட்கார்ந்திருப்பானா? எது பயம் என்று அவருக்கே தெரியவில்லை. வரட்டும் சாமி, அந்தப் பிள்ளை வரட்டும் என்று வேண்டிக்கொண்டார். வேண்டின அதே மூச்சில், இன்னும் பத்து நாள் போகட்டுமே என்று ஒன்று உள்ளேயிருந்து சொன்னது. அந்தக் குரலை அவர் முன்பே கேட்டிருக்கிறார். ஐந்து நிமிஷம்தானே, வண்டியை அனுப்பிவிட்டுப் போகலாம் என்று சொன்னது அதே குரல்.

பதினொன்று பன்னிரண்டுக்குப் போன் நடுங்கியது. எடுக்க வலது கை போனது, அவர் இடது கையால் எடுத்தார். "அண்ணாச்சி." முப்பிடாதியின் குரல் அழுத குரலாக இல்லை, அழுது முடித்த குரலாகவும் இல்லை, தூசி படிந்ததுபோல் இருந்தது. "தள்ளிட்டாக அண்ணாச்சி." "யாரு? யாரு தள்ளுனது?" என்றார். குரல் கூடிவிட்டது, உள்ளேயிருந்த பாராக்காரர் எட்டிப் பார்த்தார். "யாரு தள்ளுவா, ஜட்ஜய்யாதான். மனுவத் தள்ளிட்டாக." ஓ. மனு. தள்ளுபடி. உயிர் திரும்பி வந்தது. திரும்பி வந்ததே என்று கூசியது. "என்னம்மா சொன்னாக?" "ரெண்டு பேரும் ஒண்ணு இல்லன்னுட்டாக. அவரு நின்னவரு, இவரு தள்ளுனவரு, அவருக்குக் குடுத்ததுக்காக இவருக்குக் குடுக்க முடியாதுன்னு. நம்ம வக்கீலு பேசவே இல்ல அண்ணாச்சி. என்னமோ வயசு, குடும்பம்னு ரெண்டு வார்த்த சொன்னாரு, உக்காந்துட்டாரு. வெளிய வந்து நான் பிடிச்சிக் கேட்டேன், என்ன சாரு, பேரிட்டி பேரிட்டின்னீகளே, அதச் சொல்லவே இல்லையேன்னு. அதுக்கு அவரு என்னய ஏசுதாரு. ஒம் புருஷன் வாயத் தொறந்தாத்தானம்மா நான் பேச முடியும்ங்காரு." கோமதிநாயகம் போனைக் காதோடு அழுத்தினார். "கொம்பையா என்ன சொன்னானாம்?" "திங்கக்கெழம கேட்டாராம், டைம் கீப்பரு கை வச்சாரா வைக்கலையா, சொல்லுப்பா, ஒனக்குத்தான் நல்லதுன்னு. அதுக்கு அவுக, அண்ணாச்சி கை என் நெஞ்சுல இருந்திச்சு சார், அது எனக்குத் தெரியும், இன்னொரு கை எங்க இருந்திச்சுன்னு நான் பாக்கல, பாக்காதத நான் சொல்ல மாட்டேன்னுட்டாகளாம். அப்படி ஒரு மனுஷன் அண்ணாச்சி. பாத்தேன்னு சொன்னாத்தான் என்ன? ஒங்களுக்கு என்ன வந்துறப் போவுது, நீங்க விலக்கத்தான வந்தீக. எல்லாருக்கும் தெரியும்." அவர் மடிமேல் கிடந்த வலது கையைப் பார்த்தார். "அண்ணாச்சி, இருக்கீயளா?" "இருக்கேம்மா." "இனி மதுரைக்குப் போவணும்ங்காரு, ஐகோர்ட்டுக்கு. நான் சாயந்தரம் வீட்டுக்கு வாரேன், கொஞ்சம் பேசணும் ஒங்ககிட்ட." வைத்துவிட்டாள். பார்க்கவில்லை என்றான். பார்க்கவில்லை என்கிறவனுக்கு, அங்கே இன்னொரு கை இருந்தது மட்டும் எப்படித் தெரியும்? தெரியும். அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் துண்டை மடித்தான். அல்லது தெரியாது, நிஜமாகவே பார்க்கவில்லை, மனுஷனுக்கு ரெண்டு கை என்பது யாருக்குத்தான் தெரியாது. இரண்டில் எது என்று இனிமேல் எப்போதும் தெரியப்போவதில்லை என்பதுபோல் மின்விசிறி டிக் டிக் என்று போய்க்கொண்டிருந்தது. சாயந்தரம் முப்பிடாதி வருவாள். வந்து என்ன கேட்பாள்? எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, அண்ணாச்சி நீங்களே வந்து ஜட்ஜய்யாட்ட சொல்லுங்களேன் என்பாளா? அதைக் கேட்குமுன் நாமே சொல்லிவிட்டால்? இங்கே, இப்போது, யாரும் கேட்குமுன்னே.

"வாரும்வே, டைமு." செல்லப்பா நோட்டோடு வந்து மேஜையில் விரித்தார். டீ கிளாஸை நகர்த்தினார். "இருபத்தாறு நாளா ஒருநாள் விடாம வாரீரு. அடுத்த வாரம் ஒம்ம வக்கீல விட்டு நிபந்தனையத் தளத்தச் சொல்லி ஒரு மனுப் போடும், நாங்க ஒண்ணும் மறுப்புச் சொல்லமாட்டோம். அய்யாவே சொன்னாரு, அந்தப் பெரியவரு பாவம்னு." பாவம். பேனாவை எடுத்தார். தேதி எழுதினார். மணி என்ற கட்டத்தில் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்து 11.20 என்று எழுதப் போய், நிறுத்தி, 11.16 என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார். கோ. கோமதிநாயகம். மை காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், நகரவில்லை. இப்போது சொல்லாவிட்டால் சாயந்தரம் வரும், சாயந்தரம் சொல்லாவிட்டால் நாளைப் பத்தரை வரும். "ஏட்டையா" என்றார். "என்ன?" "ஏட்டையா, அது என் கைதான்." சொல்லிவிட்டார். சொன்னது வெளியே கேட்டதா என்று ஒரு கணம் சந்தேகமாக இருந்தது. செல்லப்பா நோட்டைத் தன் பக்கம் திருப்பி, மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். மேலே நேற்றைய கையெழுத்து, கீழே இன்றைய கையெழுத்து. "பின்ன யாரு கைங்கேன்? நேத்துப் போட்டதும் இதும் அச்சுல வார்த்த மாதிரி இருக்கு. எவன்வே ஒம்ம கை இல்லன்னு சொன்னான்? பயந்து பயந்தே சாவப் போறீரு. போயிட்டு வாரும்" என்று நோட்டை மூடினார். இல்லை ஏட்டையா, இந்தக் கை இல்லை, அந்தக் கை என்று சொல்ல வேண்டும். ஆறேழு சொல்தான். வாய் திறந்தது. உள்ளே யாரோ செல்லப்பாவைக் கூப்பிட்டார்கள், அவர் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டார். கூப்பிடலாம், கதவுக்கு இன்னும் நாலு எட்டு இருந்தது, மூன்று எட்டு, இரண்டு. கதவு மூடியது. கோமதிநாயகத்துக்குக் கால் முட்டியிலிருந்து ஒரு சுகம் ஏறியது. காய்ச்சல் விட்டதுபோல், வேர்த்து, லேசாக. சொல்லியாயிற்று. கேட்டுக்கொள்ளாதது என் குற்றமா. அந்தச் சுகத்தைக் கண்டுதான் அவருக்கு அன்றைக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமாக இருந்தது. படியிறங்கிச் செருப்பைப் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு வழி வேண்டாமென்று, சுற்றுவழியாக வீட்டுக்கு நடந்தார்.

அந்த வழக்கில் எதிரிகள் இரண்டு பேர். ஜெயிலில் மிச்சம் இருந்தது கொம்பையா மட்டும்.